வாய்க்கு வராத சீட்டு

7 மார்ச் 2010, ஞாயிறு

இன்றும் டிரா. ஜெயிக்க வேண்டிய ஆட்டம்!

படைகளை மோதவிடும் சீட்டாட்டம். ஒரு ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம், அதற்குள் முடியாவிட்டால் டிரா. ஒவ்வொரு சீட்டையும் பேர் சொல்லித்தான் போட வேண்டும். கையில் ‘ப்ரோக்கன் பிரிட்ஜ்’. போட்டால் எதிராளியின் படை மொத்தமும் காலி. எனக்கு ‘ப’ வராது. உதடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே மணி அடித்துவிட்டது. எதிரே ஃபைசல், “கைக்கு இத்தா டைம் லேரே?” என்கிறான், ஏன் இவ்வளவு நேரமாம். திக்குவாய் என்று தெரிந்தே கேட்கிறான், தடியன்.

நடுவரிடம் சொன்னால், பேர் சொல்லாமல் போட விடுவாரோ என்னவோ. அதைச் சொல்லவும் இதே வாய்தானே?

10 மார்ச்

டெக்கை, என் சீட்டுக்கட்டை, பிரித்துக் கொட்டினேன். ‘ப’ சீட்டுகள் எல்லாம் வெளியே. பதிலுக்கு வாய்க்கு வருகிறவை — ‘சில்வர் ஃபாக்ஸ்’, ‘ஸ்மோக்’, ‘ஆஷ்’. சட்டென்று சொல்லலாம், நேரம் மிச்சம். ஆனால் முடித்து வைக்க ஒரு சீட்டு இல்லை. உப்புப் போடாத ரசம்.

ஒரு சீட்டின் கிழிந்த உறையை ஒட்டப் பசை வேண்டியிருந்தது. “அம்மா, ப… ப…” என்றேன். “பால்தானே? இதோ” என்று கொண்டுவந்தாள். இருபத்து மூன்று வருஷமாக இப்படித்தான். கடையில், டாக்டரிடம், போனில், நான் ஆரம்பிப்பேன், அவள் முடிப்பாள்.

பாலைக் குடித்துவிட்டேன்.

13 மார்ச்

புது டெக்கில் ஆடியதெல்லாம் தோல்வி. நேரம் மட்டும் ஏகமாய் மிச்சம். பிரிட்ஜ் திரும்ப உள்ளே.

20 மார்ச்

நாளை ஹைதராபாத் சுற்று. ஜெயித்தால் பெங்களூரில் இறுதிப் போட்டி. எந்த கம்பெனி இன்டர்வியூவிலும் முதல் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. அஸ்வினி கெட்டிக்காரி என்று நாலு பேர் சொல்வது அந்த மேஜையில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால்? எனக்கு வேறு என்ன இருக்கிறது?

21 மார்ச்

கடைசி ஆட்டம். இரண்டு நிமிடம் பாக்கி. பிரிட்ஜ் கையில். ப்… ப்… வந்துகொண்டிருந்தது. சத்தியமாக வந்துகொண்டிருந்தது!

பின்னாலிருந்து, “ப்ரோக்கன் பிரிட்ஜ்!”

அம்மா. டிபன் கொடுக்க வந்தவள், என் தோளுக்கு மேலே எட்டிப் படித்திருக்கிறாள்.

வேடிக்கை பார்ப்பவர் ஆட்டக்காரருக்கு உதவினால் ஆட்டக்காரருக்குத் தோல்வி. விதி அப்படி. நடுவர் என் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டார். “ஏன், சரியாத்தானே சொன்னேன்?” என்று அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “என் வா… வாயை எனக்கு வி… வி…”

“விட்டு—” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

23 மார்ச்

அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். யார் முதலில் பேசுவது?

18 ஏப்ரல்

பெங்களூருக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறது என்று இன்று மறுபடி ஒரு சுற்று வைத்தார்கள். அதோடு கதவு மூடிவிடும்.

பிரிட்ஜைச் சொன்னேன். முழுசாக, நானே. மணி அடித்த பிறகு. டிரா. டிராவுக்கு பெங்களூர் இல்லை.

அம்மா உள்ளே வரமாட்டேன் என்று பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். “என்னடி ஆச்சு?” என்றாள். என் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

“போ… போ…”

வீட்டுக்குப் போகும் குஷாய்குடா பஸ் வந்தது. கண்டக்டர் கையை ஆட்டினார். அம்மா திரும்பவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது.

“போச்சும்மா” என்றேன்.

“சரி” என்றாள்.

அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம்.