கோட்டுக்காரருக்குப் போன பொங்கல்

மார்கழி 20, ஞாயிறு

மகள் செல்வி பொங்கலுக்கு அரிமளம் வரவில்லையாம். சென்னையில் விளம்பரங்களில் நடிப்பவர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலை அவளுக்கு. லட்ச ரூபாய்க்குக் கோட்டு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஒரு சினிமா நடிகரை விளம்பரத் தூதராகப் பிடித்திருக்கிறது.

"சார் பொங்கலன்னிக்குத்தான் டேட் குடுத்திருக்காருப்பா. ரொம்ப எளிமையானவரு. நேத்து கோட்டப் போட்டுப் பாக்க வந்தப்ப, நான் கிண்டிக் கொண்டுபோன புளியோதரைய அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு."

எனக்கு அவள் ஒருநாளும் புளியோதரை கிண்டித் தந்ததில்லை.

"கோட்டு அவருக்குன்னே அளவெடுத்து தச்சதோ?" என்று வயிற்றெரிச்சலோடு கேட்டேன்.

"இல்லப்பா, தொளதொளன்னு கெடக்கு. முதுகுப் பக்கம் நான்தான் கிளிப்பு போட்டு இறுக்கணும்."

அப்படியொரு சந்தோஷம் எனக்கு. "சரி ஆத்தா, வேலையப் பாரு" என்று பெருந்தன்மையாகப் போனை வைத்துவிட்டு, மனைவியிடம் ஓடிப்போய் கிளிப்பு விஷயத்தைச் சொன்னேன்.

"அவருக்குப் பின்னாடி கிளிப்பு. ஒங்களுக்கு முன்னாடி பட்டனே எட்டல. போங்க அங்கிட்டு" என்றாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஐயனாரே, அந்த மனிதருக்கு நோய்நொடி எதுவும் வேண்டாம். பொங்கலுக்கு முதல்நாள் மூக்கு நுனியில் ஒரே ஒரு பரு வரட்டும். கொஞ்சம் பெரிதாக.