ராபர்ட்டுக்கு அம்மை போட்ட நாள்

10-4-1964, வெள்ளி. இலுப்பூர்.

மாடியில் குடியிருக்கும் அமெரிக்கப் பையன் ராபர்ட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஊருக்குக் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்தவன் வாழை இலைமேல் முனகிக்கொண்டு கிடக்கிறான்.

காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கிறது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று வாயெடுத்தேன்.

"ஆத்தா வந்திருக்கிற வீட்டுல ஊசிப் பேச்சா? தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் தம்பி வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று என் மனைவி வேப்பிலையால் எனக்கும் சேர்த்து ஒரு வீசு வீசினாள். குடும்பத் தலைவன் மறுபேச்சில்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அந்தப் பையனைப் பெற்றவளுக்கு நாளைக்கு யார் பதில் சொல்வது? மனைவிக்குத் தெரியாமல் திருச்சியிலிருக்கும் அவன் ஆபீசருக்குத் தந்தி அடித்தேன். காலையில் ஜீப் அனுப்புகிறாராம்.

சாயங்காலம் அவள் வேப்பிலை பறிக்கப் போன நேரம் பார்த்து, என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் ராபர்ட்டிடம் ஜீப் சமாச்சாரத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், "வேண்டாம் ஐயா. அங்கே தனி ரூம். இங்கே அம்மா இருக்காங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறான்.

ஜீப்பைத் திருப்பி அனுப்பி, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? ஏற்றி அனுப்பிவிட்டு இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நான் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதும் இவள் சொன்னதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.