ஒரு முன்னாள் தொழிலாளி

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நாற்பது நிமிஷம். ஆக்ஸிஜன் மெஷின் கத்த ஆரம்பித்தது. சின்ன சிலிண்டரை இழுத்து வந்து குழாயை மாற்றுவதற்குள் எனக்கே மூச்சு முட்டியது. மூக்கில் குழாயோடு இவர் கேட்கிறார்: "எந்த யூனிட் ட்ரிப் ஆச்சோ?"

முப்பத்திரண்டு வருஷம் பவர் ஹவுஸில் நிலக்கரி யூனிட்டுக்கு ஷிப்ட் இன்சார்ஜ். ரிடையர் ஆகி நாலு வருஷம். நுரையீரல் பாதி போயாச்சு, இன்னும் யூனிட் கவலைதான். "உங்க யூனிட் இல்லை, தெருமுனையில ஃப்யூஸ் போயிருக்கும்" என்றேன். முகம் தெளிந்தது.

பால்கனியில் காய்ந்த வேஷ்டியில் வழக்கம்போல் பவர் ஹவுஸின் கறுப்புப் பொடி. மாட்டுங்காவை விட்டு இந்தச் செம்பூருக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு வேஷ்டியையும் இரண்டு தடவை துவைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஜெர்மனியிலிருந்து நகுல் கூப்பிட்டான். அவன் ஆபீஸ் சார்பில் பெரிய கூட்டம் ஒன்றில் பேசினானாம், வளரும் நாடுகள் கரண்டுக்குக் கரியை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று. "யூட்யூப்ல வந்திருக்கும்மா. அப்பாவும் இருக்கார் அதுல."

பிள்ளை தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்று இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டி.வி. பார்ப்பதற்காக ஷேவ் செய்துகொண்டார்.

மார்ச் 10, திங்கள்

நேற்று மேலே எழுத முடியவில்லை. அவ்வளவு கோபம்.

முதலில் எண்கள். இந்தியாவின் கரண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கரியிலிருந்து வருகிறது என்றான். சரி. அப்புறம் திரை முழுக்க இவர். டிசம்பரில் வந்தபோது எப்போது எடுத்தானோ — பனியன், மூக்கில் குழாய், வாயைத் திறந்தபடி தூங்குகிறார். நகுல் இங்கிலீஷில் சொல்கிறான்: "மும்பையில் ஒரு முன்னாள் தொழிலாளி." அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

என் அப்பா என்று சொல்லவில்லை. ஏன்டா? நாக்கு சுளுக்கிக்குமா?

இவர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். பிறகு, "டெவலப்பிங் கன்ட்ரியாம். எங்க காலத்துல ஃபோட்டோவைத்தான் டெவலப் பண்ணுவா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அது அடங்கி, காபியும் ஆறிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஷிப்ட் இன்சார்ஜ்னாவது சொல்லியிருக்கலாம்."

நகுலைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பான்னு சொன்னா பர்ஸனல் ஆயிடும்மா. அங்கெல்லாம் அப்ஜெக்டிவா இருக்கணும்."

அப்ஜெக்டிவ்! நீ படிச்சது, பறந்தது, அங்கே போய் கரியைத் திட்டக் கத்துண்டது, எல்லாம் அந்தக் கரி போட்ட சோறுடா என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன்.

மார்ச் 11

அவன் கூப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 22, சனி

இரண்டாம் மாடி ஃபர்ஸானா ஒரு மனுவோடு வந்தாள். இவருடைய யூனிட்டை வருஷக் கடைசியில் மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது தள்ளிப்போடப் பார்க்கிறார்களாம். தள்ளக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறாள். அவள் பெண் ஷைஸ்தா, எட்டு வயசு, ஸ்கூல் பையில் டிபன் டப்பாவோடு இன்ஹேலரும் எடுத்துப் போகிறது.

இவர் காதில் விழக்கூடாதென்று வாசலிலேயே வைத்துப் பேசினேன். உள்ளேயிருந்து குரல்: "இங்கே கொண்டா."

கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டார். அதன் கீழே கோணல் எழுத்தில் 'ஷிப்ட் இன்சார்ஜ், ரிடையர்டு'.

"என்னன்னா இது?"

"மூடட்டும். அதுக்கும் வயசாயிடுத்து. ஆனா நான் சொல்லி மூடணும், என் ஃபோட்டோ சொல்லி இல்லை."

நானும் போட்டேன். போட்டுவிட்டு மெஷினைப் பார்த்தேன். அதை மூடிவிட்டால் இது எதில் ஓடும்? அதற்குப் பதில் அந்த மனுவில் இல்லை. நகுலின் பேச்சிலும் இல்லை.

ஏப்ரல் 17

இன்று இரண்டு தடவை கரண்ட் போயிற்று. சிலிண்டர் காலி. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. மூடப்போவதில்லை. வெயில் கூடிவிட்டது, வீட்டுக்கு வீடு ஏ.சி., ஊருக்குக் கரண்ட் போதவில்லையாம். இன்னும் அஞ்சு வருஷம்.

"எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டா அதுக்கு" என்றார் இவர். "எனக்கு யார் குடுப்பா?"

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மெஷின் நிற்காது. அப்புறம்தான் ஷைஸ்தா ஞாபகத்துக்கு வந்தாள். சீ, என்ன ஜன்மம் நான். ஃபர்ஸானா மாடிப்படியில் எதிரே வந்தாள், நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜூன் 9

நகுலைக் கூப்பிட்டேன். கிளம்பி வா என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று காலை பத்து மணிக்குப் போய்விட்டார். கரண்ட் இருந்தது. மெஷின் ஒழுங்காக ஓடியது. ஆள் போன பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் போய் அணைக்கிற வரைக்கும்.

நகுல் இன்று காலையில் வந்து சேர்ந்தான். நேரே மின்மயானம். "பொம்மனாட்டிகள் வரப்படாது" என்றார் காரியம் செய்ய வந்த வாத்தியார். போனேன்.

அங்கே ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், வயசு எழுதினான். 'தொழில்' என்ற இடத்தில் என்னைப் பார்த்தான். பிறகு தானாகவே 'ஷிப்ட் இன்சார்ஜ்' என்று எழுதினான். அடுத்த கட்டம், இறந்தவருக்கு என்ன உறவு. 'மகன்' என்று எழுதும்போது எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. குமாஸ்தா வேறு ஃபாரம் கொடுத்தான். எல்லாவற்றையும் மறுபடி எழுதினான், அதையும் சேர்த்து.

உள்ளே ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற ஆளிடம் நகுல் ஹிந்தியில் கேட்டான்: "நடுவுல கரண்ட் போயிடாதே?"

அந்த ஆள் பதில் சொல்வதற்குள் நான் சொன்னேன்: "போகாதுடா. அப்பாவோட யூனிட் ஓடறது."