பாஸ் புத்தகத்தில் உள்ள பெயர்

3.7.59 வெள்ளி
விடிந்ததிலிருந்து சாரல். புகையிலைத் தூள் நமத்துப்போய், சுற்றிய பீடியில் பாதியைக் கழிவென்று தள்ளிவிட்டான் கம்பெனிக்குப் பீடி வாங்கும் ஏஜெண்டு.

செய்ய வேண்டியவை: பேனாவுக்கு மை. சங்கக் கொட்டகைக்கு ஓலை. உறுப்பினர் பட்டியல்.

பட்டியல்தான் தலைவலி. நான் செயலாளராக இருக்கும் தென்காசி பீடிச் சங்கம் கடையம், இலஞ்சி சங்கங்களோடு சேர்கிறது. பிறகு மூன்றும் சேர்ந்து ஜில்லா சங்கத்தில். இணைப்புக் கூட்டம் குற்றாலத்தில். சீசன் வந்தால்தான் ஜில்லாக்காரர்களுக்கு ஒற்றுமை ஞாபகம் வருகிறது.

எந்த ஊருக்கு ஆள் அதிகமோ அந்த ஊர்ச் செயலாளருக்கே துணைச் செயலாளர் பதவி. அதில் எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும்.

5.7 ஞாயிறு
ஜில்லாக் கடிதம். இலை தருவதையும் பீடி வாங்குவதையும் பதியும் கம்பெனி பாஸ் புத்தகம் யார் பெயரிலோ அவர்தான் உறுப்பினராம். இங்கே சுற்றுவது பெண்கள், புத்தகம் புருஷன் பெயரில். பெண்டாட்டி பெயரில் புத்தகம் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பொருளாளர் மைதீன்: "பொம்பள பேர எழுதுனா ஜில்லாவுல அடிச்சிருவானுவ. ஆள் கொறஞ்சிரும். புருசன் பேரப் போட்டுட்டுப் போவும்."

போட்டேன். பேச்சியம்மாள் வீடு வந்ததும் பேனா நின்றது. இரண்டு வருஷம் முன்பு ஏஜெண்டு வாசலில் பீடி சுற்றும் சுளவைக் கவிழ்த்துவிட்டு, இனி சுற்ற மாட்டேன் என்று உட்கார்ந்தவள். அவள் உட்கார்ந்த பிறகுதான் தெருவே உட்கார்ந்தது, சங்கம் பிறந்தது. புத்தகம் புருஷன் சுப்பையா பெயரில். அவன் புனலூரில் வேறொருத்தியோடு.

'சுப்பையா' என்று எழுதினேன்.

12.7 ஞாயிறு
ஐந்தருவி போகும் வழியில் ஒரு சத்திரத்தில் இணைப்பு. தென்காசிக்குத்தான் ஆள் அதிகம். துணைச் செயலாளர் நான். கழுத்தில் மாலை. எல்லோரும் குளிக்கப் போனார்கள்.

பெண்களுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். பேச்சி வெளியே சாரலில் நின்று கைதட்டினாள். "இனிமே ஏஜெண்டு நம்மகிட்ட வாலாட்ட முடியாதுல்லா அண்ணாச்சி?"

முடியாது என்றேன்.

24.7 வெள்ளி
கம்பெனியோடு ஒப்பந்தம். பட்டியலில் உள்ளவருக்கு வேலை நிச்சயம். பட்டியலில் இல்லாதவருக்குச் சுற்ற இலை கிடையாது. ஜில்லாத் தலைவர் தந்தி: பெரிய வெற்றி. என் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்துவிட்டது, நூல் கட்டியிருக்கிறேன்.

2.8 ஞாயிறு
ஒப்பந்தச் சேதி புனலூர் வரை போயிருக்கிறது. சுப்பையா வந்துவிட்டான், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. இலஞ்சியில் வாடகை வீடு. பேச்சியிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டான். "எம் பேருல உள்ள பொஸ்தவம். அவளுக்கு எதுக்குலே?" என்று கடைத்தெருவில் சத்தம். இனி அந்தப் பெண் சுற்றுவாள்.

ஏஜெண்டிடம் போய்க் கேட்டேன். "ஒங்க சங்கம் போட்ட ஒப்பந்தம்தான அண்ணாச்சி. நா மீறலாமா?" சிரிக்கிறான். ஓங்கி அறையலாம் போல் இருந்தது. யாரை என்பதுதான் கேள்வி.

4.8 செவ்வாய்
பேச்சி சங்கக் கொட்டகைக்கு வந்தாள். மடியில் சுளவு இல்லாமல் அவளைப் பார்த்தது இதுவே முதல் தடவை. "மூணு நாளா வேல இல்ல. ஒரு மனு எழுதிக் குடுங்க. நம்ம சங்கம்லா."

எழுதினேன். பெறுநர்: துணைச் செயலாளர். அதாவது நானே. ரேகை வைத்தாள்.

உறுப்பினர் அல்லாதார் மனுவை ஏற்கக் கூடாது என்பது இணைப்பு விதி. பக்கத்தில் இருந்த மைதீன் காதோடு சொன்னார்: "ஏத்துக்கிட்டீருன்னா, தெருவுல உள்ள பொம்பள எல்லாம் வந்து நிப்பா. பட்டியலே பொய்யின்னு ஆயிரும். ஒம்ம பதவியும் போயிரும்."

மனுவின் அடியில் எழுதினேன்: உறுப்பினர் அல்ல. தள்ளுபடி. கையெழுத்து. சங்க முத்திரை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஈர முத்திரையை ஊதி ஊதி ஆற்றினாள். "இதக் காட்டுனா நாளைக்கே எல தருவானா அண்ணாச்சி?"

தருவான் என்று தலையை ஆட்டிவிட்டேன்.