கால் மைல் கார்

மிச்சிகன்
02.03.2024

அன்புள்ள தங்கச்சி நிருஜாவுக்கு,

போனில் கதைக்க உனக்கு வெட்கம். உன்னிடம் பாடம் கேட்க எனக்கு வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கால் மைல் நேர்ப் பந்தயத்துக்கென்றே கார் கட்டும் தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் சேர நேர்முகம் வைக்கிறார்கள். போன கிழமை அந்தப் பகுதிக்கு வேலை பழகப் போனபோது, பற்றரியை எங்கே வைப்பாய் என்று கேட்டார்கள். "முன்னுக்கு" என்றேன். ஊரில், சல்லிக் கடலில், படகு மூக்கைத் தூக்காமலிருக்கப் பெற்றோல் கானை முன்னுக்குத் தள்ளிய பழக்கம்! எல்லாரும் சிரித்தார்கள். நீ இயந்திரவியல் படித்தவள். இந்தக் கார்கள் எப்படி வளர்ந்தன என்று விளக்கி எழுது.

வேலை கிடைத்தால் முதல் வருடம் லீவு இல்லை. ஆவணியில் உன் கலியாணத்துக்கு வந்து, அண்ணன் முறைக்கு உன் கையில் பொரி போட ஏலாது. கிடைக்காவிட்டால் கட்டாயம் வருவேன்.

அன்பு அண்ணா,
பிரசாந்தன்

ஓர்ஸ் ஹில்
21.03.2024

அன்பின் அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். பதில் பிந்திவிட்டது. காரணம் கேட்காதீர்கள்.

முதலில் ஆட்கள் சாதாரணக் காரைத் தாங்களே பிரித்துப் பாரம் குறைத்து ஓடினார்கள். அறுபதுகளில் கம்பனிகளே அந்த வேலையைத் தொழிற்சாலைக்குள் எடுத்துக்கொண்டன. சின்னக் காருக்குள் பெரிய எஞ்சின். இடம் போதாமல் பிரேக் பாகத்தைக்கூடக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தினார்கள். பின் இருக்கை, றேடியோ, ஹீற்றர் எல்லாம் வெளியே. கதவுத் தகடும் மெல்லியது. எதை விடலாம் என்று யோசித்தே ஒரு வண்டியை அழகாக்கிய அந்த மனிதர்களை நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. இப்போது மின்சாரத்திலும் செய்து பார்க்கிறார்கள்.

பற்றரி டிக்கிக்குள், பின்சில்லுப் பக்கம். படகு மூக்கைத் தூக்கினால் வேகம் போய்விடும். கார் மூக்கைத் தூக்கும்போதோ பாரம் பின்சில்லில் இறங்கும். டயர் நிலத்தை இறுகப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைக்கும்.

வடிவாகப் படித்துவிட்டுப் போங்கள். பிழையாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து நிற்கக் கூடாது.

உங்கள் தங்கை,
நிருஜா

மிச்சிகன்
20.04.2024

நிரு,

கிடைத்துவிட்டது. படகுக் கதையையும் சொன்னேன். இந்த முறை அவர்களோடு நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீ ஒரு வரி பிழையாக எழுதியிருந்தால் நான் உன் கலியாணத்துக்கு வந்து நிற்பேன். ஏன் எழுதவில்லை?

அண்ணா

ஓர்ஸ் ஹில்
15.09.2024

அன்பின் அண்ணாவுக்கு,

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. சித்தப்பாவின் மகன் லதீசன் பொரி போட்டான். பதற்றத்தில் பாதி நிலத்தில்.

அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. அப்பாவுக்குப் பிறகு மீன்பிடிக்கப் படகில் ஏறி என்னைக் கம்பசுக்குப் படிக்க அனுப்பியவர் நீங்கள். அந்தப் படிப்பை வைத்தே உங்களை ஏமாற்றுவேனா?

மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், "எங்க, பொம்பிளையின்ர தமையன்?" என்று மண்டபமே கேட்கக் கத்தினார். அம்மா போனில் நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டி, "இந்தா, என்ர மகன் கட்டின கார்! ரோட்டில ஓட விடமாட்டினமாம், அவ்வளவு வேகம்!" என்றா.

"ரோட்டில ஓடாத காரை என்னத்துக்குப் பிள்ளை கட்டினவன்?" என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பினா.

மணவறையில் குனிந்திருந்த நான் நிமிர்ந்து, மைக்கே தேவையில்லாமல் சொன்னேன், அண்ணா: "கால் மைலுக்கு. வேற ஆரும் முந்தாமல் இருக்க."

நிருஜா