லண்டன் விளக்கு

ஏலக்காய் வாசனை யாருக்குப் பிடிக்காது? எனக்குப் பிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கடிகாரக் கடை மேசையில் வைத்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. உள்ளே, பழைய துணியில் சுற்றி, நாம் இருவரும் சேர்ந்து விளக்குப் போட்ட பொம்மை ரயில் இன்ஜின். நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

போடி ஏலக்காய் முதலாளி அதை உன் ரேடியோ கடைக்கு அனுப்பியது நினைவிருக்கிறதா? மலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டு லண்டனுக்குக் கிளம்பிய வெள்ளைக்காரரிடம் வாங்கியது. மகள் கல்யாணச் சீர்வரிசையில் ஃபாரின் சாமானாக வைக்க வேண்டும், ஓட வைத்துக் கொடு என்றார். நீ ஓட வைத்தாய். அதோடு விட்டிருக்கலாம். இன்ஜினின் முகத்தில் விளக்கு என்ற பேரில் ஒரு தகரக் குமிழ் மட்டும் இருந்தது. "கண்ணில்லாத வண்டிய எப்படிலே சீர்ல வைக்கிறது?" என்று அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாய். கடிகாரத்துக்குத் துளை போடும் ட்ரில்லால் அந்தக் குமிழைக் குடைந்து, உள்பக்கம் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தது நான். மதுரையில் அலைந்து குருணை அளவு பல்பு வாங்கிவந்தது நீ.

பல்பு எரிந்தது. ஆனால் வண்டி மெதுவாகப் போனால் மங்கியது, நின்றால் அணைந்தது. தண்டவாளத்தில் வரும் கரண்டைத்தானே அதுவும் தின்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் என்னைத் தேனி ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாய். போடி பாசஞ்சர் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

"நிக்கிறப்பயும் கண்ண முழிச்சிருக்கு பாருலே. நம்ம வண்டி நின்னா தூங்குது. எனக்கு அசிங்கமா இருக்கு."

பதினெட்டு நாள் அதற்காகச் சரியாகச் சாப்பிடவில்லை நீ. கடைசியில் மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில் டயோடுகளை வரிசையாகக் கோத்து, அங்கிருந்து பல்புக்கு வயர் எடுத்தாய். வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் விளக்குக்கு ஒரே வெளிச்சம். கரண்ட் பெட்டியின் டயலை நூலளவு திருப்பினால் சக்கரம் அசையாது, விளக்கு மட்டும் எரியும். முதல்முறை அப்படி எரிந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் சிறுபிள்ளை மாதிரி சிரித்தேன், மறைப்பானேன்.

பிறகு அந்தக் கல்யாண மண்டபம். சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே ரயில் சுற்றி வந்து நின்றது, விளக்கு எரிந்தபடி. காமயகவுண்டன்பட்டி மாப்பிள்ளை குனிந்து பார்த்து, நின்ற பிறகும் எப்படி எரிகிறது என்று கேட்டார். "அதெல்லாம் லண்டன் வேலை மாப்ள. நம்மாளுகளுக்கு வருமா?" என்ற முதலாளி உன் பக்கம் திரும்பி, "என்னப்பா?" என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு குனிந்தாய். "ஆமாங்கய்யா. லண்டன்ல இருந்தே அப்படித்தான் வந்துச்சு. நான் தூசி தொடச்சதோட சரி."

பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்லே அப்படிச் சொன்ன?"

"விளக்கு எரியுதுல்ல? விடுலே."

விடவில்லை. உன் குனிந்த முதுகு நினைவுக்கு வந்தபோதெல்லாம் அருவருப்பாக இருந்தது. அதில் என் வேலையையும் சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டாயே என்ற எரிச்சலும் இருந்தது. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு தடவை நீ நின்று பார்த்தாய். பிறகு நீயும் நிற்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விளக்கு எரியவில்லையாம். கணக்கப்பிள்ளை சொன்னதைக் கேள். "தொறந்து பாத்தா எவனோ உள்ளூர்க்காரன் உள்ள நோண்டி வச்சிருக்கானாம்ணே. அந்த வயரையெல்லாம் பிடுங்கிட்டு, லண்டன்ல வந்த மாதிரி ஆக்கித் தரணும்னு மாப்பிள்ளை சொன்னாக." எரிந்தவரைக்கும் லண்டன், அணைந்ததும் உள்ளூர்க்காரன். தூ என்று அவர் முன்னாலேயே துப்பியிருப்பேன். சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

திறந்து பார்த்தால் உன் வயர்கள் நூல் கட்டிய ஒழுங்கோடு அப்படியே இருக்கின்றன. பல்பு மட்டும்தான் போயிருந்தது. வேறு பல்பு போட்டேன். சனிக்கிழமை அவர் வந்ததும், இது நாங்கள் செய்தது, லண்டனிலிருந்து வந்தபோது விளக்கே கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது என்று முடிவு செய்தேன். நாலு நாள் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வந்தார். டயலை நூலளவு திருப்பிக் காட்டினேன். விளக்கு எரிந்தது.

"பாத்தீகளா! நோண்டினத எடுத்ததும் லண்டன் விளக்கு எப்படி எரியுது! ஒரு வயரு மிச்சமிருந்தாலும் மதுரைக்குக் கொண்டுபோயி பிடுங்கச் சொல்லியிருக்காக. எல்லாத்தையும் எடுத்துட்டீகள்ல?"

நான் வாயைத் திறந்தேன்.

"எடுத்துட்டேங்க. சுத்தமா லண்டன் வேலைதான்."

என் குரல்தான். கையைக் கட்டிக்கொண்டேனா என்று தெரியவில்லை. கட்டியிருப்பேன். அவர் பெட்டியோடு பஸ் ஏறிப் போன பிறகு வாயைக் கொப்பளித்தேன், மறுபடியும் கொப்பளித்தேன். அந்தக் கசப்பு போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அன்று மண்டபத்தில் நீ பயந்து அப்படிச் சொன்னாயா, இல்லை விளக்கைக் காப்பாற்றச் சொன்னாயா? இப்போது அதைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. ஆறு வருஷம் நீ பக்கத்துத் தெருவில்தான் இருந்தாய்.