கரடி மடுவுக்குப் போகும் வழி

ஒடுகத்தூர்
12.4.2020

என் அன்பான கோகிலாவுக்கு,

கீதாஞ்சலி எழுதுகிறேன். பலாமரத்தூரில் நீயும் உன் வீட்டுக்காரர் தீர்த்தகிரி அண்ணனும் சௌக்கியமா? உனக்கு போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. காவலூர் ரோட்டுக்கு வந்தால்தான் உனக்கு சிக்னல், ரோட்டுக்கு வந்தால் போலீஸ் லத்தி. அதனால்தான் ஹாஸ்டலை விட்டுப் பிரிந்த புதிதில் எழுதிய மாதிரி மறுபடி கடிதத்துக்கு வந்துவிட்டேன். தபால்காரர் கோபால்சாமி வாரம் ஒருமுறை மலை ஏறுகிறாராம்.

ஊரடங்குக்கு முதல் நாள் சென்னையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள் இங்கேயே மாட்டிக்கொண்டேன். அப்பாவின் வெல்ல மண்டி மூடிக் கிடக்கிறது. மூட்டைகள் கசிந்து வீடு முழுக்க எறும்பு. தம்பி சுரேஷ் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்து தரையைத் தேய்க்கிறான். ஆனால் மொட்டை மாடிக்குப் போனால் எல்லாம் மறந்துபோகிறது, கோகிலா! உன் மலை அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. லாரிப் புகை இல்லை, புழுதி இல்லை. மனிதன் கதவைச் சாத்திக்கொண்டதும் பூமி எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பார்.

இதைப் பற்றி ஓர் இணைய இதழுக்குக் கட்டுரை எழுதப் போகிறேன். நீதான் உதவ வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் இடத்தைப் பற்றி எனக்கு எழுது. எப்படிப் போவது, என்ன மரம், என்ன தண்ணீர், ஒன்றையும் விடாதே. நான் கண்ணை மூடிக்கொண்டே நடந்து போகிற மாதிரி இருக்க வேண்டும். வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

கடிதத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவு.

என்றும் உன்,
கீதா

*

பலாமரத்தூர்
20.4.2020

அன்புள்ள கீதாவுக்கு,

கோகிலா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி கையைக் கழுவினேன். மாமியார் பார்த்துவிட்டு, "கடுதாசிக்கெல்லாமா கை கழுவுவ? அப்படி இன்னா எழுதியிருக்கா அவ?" என்றார்.

அங்கன்வாடியை மூடிவிட்டார்கள். சத்துமாவையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். டூரிஸ்ட் வண்டி வராததால் ரோட்டோரத்தில் பிரியாணிப் பொட்டலம் இல்லை, பீர் பாட்டில் இல்லை. நேற்று காட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு கேளையாடு நட்டநடு ரோட்டில் நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது, 'உனக்கு பாஸ் இருக்கா' என்று கேட்கிற மாதிரி.

நீ கேட்டதற்கு ஏற்ற இடம் எங்கள் கரடி மடுவு. அதற்கு வழியை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதில்லை என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. செருப்போடு யாரும் அங்கே போவதில்லை. ஃபாரஸ்ட் ஆட்கள் கேட்டால்கூடக் கையை எங்கேயோ காட்டிவிடுவார்கள். எங்கள் ஊர்க் குழாய்க்கும் அங்கன்வாடித் தொட்டிக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் இறங்குகிறது, அதனால் அவ்வளவு பத்திரம். ஆனால் நீ வெளியூர்க்காரியா என்ன? மூன்று வருஷம் என் தட்டில் சாப்பிட்டவள்.

அடுத்த தாளில் எழுதுகிறேன், கண்ணை மூடிக்கொள். காவலூர் ரோட்டில் முனியப்பன் கல்லுக்குப் பிறகு இடது பக்கம் ஒரு மாட்டுத்தடம் பிரியும். சாமைக் கொல்லையைத் தாண்டி இறங்கு. இரண்டு பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும், குனிந்து நுழைய வேண்டும். நுழைந்தால் வெள்வேல மரங்கள். உச்சி வெயிலில்கூட இருட்டாக இருக்கும். கிளைகள் அவ்வளவு அடர்த்தி, உள்ளே யாராவது அடுப்பு மூட்டினால்கூடப் புகை ஊருக்குத் தெரியாது. மரத்துக்குக் கீழே மடுவு. சித்திரையிலும் வற்றாது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லைக் கரையில் நின்றே எண்ணலாம். நண்டுகள் நம்மைக் கண்டால் ஓடுவதில்லை, மனிதரைப் பார்த்தால்தானே ஓடப் பழகும்.

போதுமா? கட்டுரையில் என் பேரைப் போடாவிட்டால் உன்னை விட மாட்டேன்.

உன்,
கோகிலா

*

ஒடுகத்தூர்
6.5.2020

என் செல்லக் கோகிலா,

கட்டுரை வந்துவிட்டது! தலைப்பு 'மலை மூச்சு விடுகிறது'. எத்தனை பேர் பாராட்டினார்கள் தெரியுமா? நண்டு பற்றி நீ எழுதிய வரியை அப்படியே போட்டிருக்கிறேன். ஒரு பேராசிரியர், "இந்தக் கிருமி பூமிக்குக் கிடைத்த விடுமுறை" என்று எழுதியிருந்தார். எவ்வளவு உண்மை! உன் பேரைப் போட இடம் இல்லாமல் போய்விட்டது, கோபிக்காதே.

இன்னொரு நல்ல சேதி. சுரேஷுக்கு ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது. பாஸ் வாங்கி, வேனில் 'கொரோனா நிவாரணம்' என்று பேனர் கட்டி, மலை ஊர்களுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோகிறான். பார்த்தால் ஒரு வாய் மோர் கொடு.

கையைக் கழுவ மறக்காதே.

என்றும் உன்,
கீதா

*

பலாமரத்தூர்
19.5.2020

கீதா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பத்து நாளாகக் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை. முதலில் புளித்த மாவு மாதிரி இருந்தது. பிறகு செத்த எலி மாதிரி. பாஞ்சாலி அக்காவின் பேத்திக்கு நிற்காத வாந்தி. சத்துமாவை அந்தத் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுத்தார்கள், கரைக்கச் சொன்னது நான். எங்கள் எருமை மடுவுப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்து, கொட்டகை வாசலில் கால் பரப்பி விழுந்தது. வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, விடியும்போது போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் நானும் அவரும் போய்ப் பார்த்தோம். போலீஸ் எங்களுக்கு முந்திக்கொண்டிருந்தது. சாராய ஊறல், கீதா, வெல்லத்தையும் மரப்பட்டையையும் போட்டுப் புளிக்க வைத்தது. கீழே டாஸ்மாக்கை மூடியதும் மலையில் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். மடுவைச் சுற்றிக் குழி தோண்டி நீல பேரல்களைப் புதைத்து வைத்திருந்தார்கள். போலீஸ் செய்த வேலையைக் கேள். ஊறலை அழிக்கிறோம் என்று ஒவ்வொரு பேரலாக எட்டி உதைத்துச் சாய்த்தார்கள். அத்தனையும் மடுவுக்குள் ஓடியது. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காய்ச்சியவன் ஒருவன்கூட அகப்படவில்லை.

தண்ணீர் இப்போது சளி மாதிரி இருக்கிறது. மேலே மஞ்சள் நுரை, அதில் நண்டுகள் வயிறு தெரிய மிதக்கின்றன, ஈ மொய்க்கிறது. கரையெல்லாம் வாந்தி, மலம், குடித்துவிட்டு எறிந்த பாக்கெட், கழற்றிப் போட்ட முகக்கவசம். கொரோனா வந்துவிடக் கூடாது என்று முகத்தை மூடிக்கொண்டு காய்ச்சியிருக்கிறார்கள், நாய்கள்! ஊறலில் போடுவதற்காக வெள்வேல மரங்களை அடியிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுற்றிலும் பட்டை உரித்திருக்கிறார்கள். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. மரத்துக்குத் தான் செத்துவிட்டது இன்னும் தெரியவில்லை.

மலை மூச்சு விடுகிறதாம். வந்து மோந்து பார், அது விடுகிற மூச்சை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பேரல் இருந்த குழிப் பக்கத்தில், கல்லுக்கு அடியில், பாலிதீன் கவரில் ஒரு தாள் இருந்தது. ஏப்ரல் இருபதாம் தேதி நான் உனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் தாள். முனியப்பன் கல், மாட்டுத்தடம், இரண்டு பாறை, புகை தெரியாது என்று எழுதியிருந்தேனே, அந்த வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது. பக்கத்தில் வெல்ல மூட்டைச் சாக்குகள்.

இதை யார் கொடுத்தது?

கோகிலா

*

ஒடுகத்தூர்
27.5.2020

என் உயிர்த் தோழி கோகிலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். கொடுத்தது நான்தான்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சுரேஷ், "அக்கா, அந்தத் தாளக் குடேன், நிவாரண வண்டிக்கு வழி தெரியணும்" என்றான். கொடுத்துவிட்டேன். அப்போது சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் வேனில் அரிசி மூட்டைக்கு அடியில் வெல்ல மூட்டையைப் பார்த்தேன். கேட்டதற்கு, "கரைஞ்சி வீணாப் போறதுக்கு வித்துட்டுப் போறேன், உனக்கு இன்னாக்கா?" என்றான். அப்பா தலை குனிந்துகொண்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும், தெரிகிறது. ஆனால் காய்ச்சியவர்கள் உங்கள் மலை ஆட்கள்தானே, அதையும் யோசித்துப் பார்.

அந்தத் தாளை எரித்துவிடு, கோகிலா. உன் காலில் விழுகிறேன். செங்கத்தில் பிரியதர்ஷினி என்று ஒரு பெண்ணைப் பார்த்து, ஆவணியில் சுரேஷுக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு இதெல்லாம் தாங்காது. எனக்காக வேண்டாம், உனக்காக யோசி. அதில் இருப்பது உன் கையெழுத்து. வழி எழுதிக் கொடுத்தவள் நீ என்றுதான் சொல்வார்கள். உன் வேலையும் போய்விடும்.

மரங்கள் மறுபடி தழைக்கும். ஒரு மழை பெய்தால் மடுவு கழுவிக்கொண்டு போய்விடும். இயற்கை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும், நாம்தான் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும்.

என்றென்றும் உன்,
கீதா

*

பலாமரத்தூர்
4.6.2020

கீதாஞ்சலிக்கு,

மழை பெய்தது. மடுவு கழுவிக்கொண்டு போகவில்லை. அடியில் படிந்திருந்த சேறு கிளம்பி, கூடுதலாக நாறுகிறது. முந்தாநாள் பெண்கள் எல்லாரும் இறங்கிக் குடத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினோம். நீலாவதி அள்ளுவாள், வாந்தி எடுப்பாள், மறுபடி அள்ளுவாள். சுத்தம் செய்தது நாங்கள். உன் இயற்கை வந்து ஒன்றும் செய்யவில்லை. வெள்வேல மரங்களில் இலை சுருள ஆரம்பித்துவிட்டது.

காய்ச்சியவர்கள் எங்கள் ஆட்கள் என்று எழுதியிருந்தாய். ஆமாம். என் கொழுந்தன் நவீன்குமாரும் அதில் ஒருவன். திருப்பூரில் கம்பெனி மூடி, நடந்தே வந்து சேர்ந்தவன். அவன் துண்டில் அந்த வாடை அடித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாத மாதிரி இருந்தேன். நீ வேனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாயே, அதே மாதிரி. உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தாலும் அப்படித்தான். நான்கு தலைமுறையாக யாருக்கும் சொல்லாத வழியை, கட்டுரையில் பேர் வரும் என்ற ஆசையில், மை ஊற்றி எழுதிக் கொடுத்தவள் நான். ஊர்க்கூட்டத்தில் நின்று அதைச் சொன்னேன். "சோறு போட்ட கைலயே வெஷம் வச்சிட்டியேம்மா" என்றார் பாஞ்சாலி அக்கா. பேத்தி பிழைத்துக்கொண்டாள், அதனால்தான் அதோடு விட்டார்.

தாளை எரிக்கவில்லை. நேற்று கீழே இறங்கி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். சுரேஷ் பேரைச் சொன்னேன், பேனர் கட்டிய வேனைச் சொன்னேன். நவீன்குமார் பேரையும் சொன்னேன். அதிலிருந்து என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை, மாமியார் என்னைத் தனியாகச் சோறு வடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேலை போகுமா, தெரியாது. போனால் போகட்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பாலிதீனைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வாரம் ஆகியும் தாளை விட்டு நாற்றம் போகவில்லை.

"கையெழுத்து யாருதும்மா?" என்றார்.

"என்னுதுதாங்க."

"நல்லா யோசிச்சி சொல்லு. கேஸ்ல நீயும் வருவ."

"யோசிச்சிட்டுத்தாங்க வந்தேன். என்னுதுதான்."

"யாருக்கு எழுதின?"

சிநேகிதிக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஒடுகத்தூர்ல ஒருத்திக்குங்க" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

தீ. கோகிலவாணி